கூலி என்று சொன்னால் போதும்

பிளாஸ்டிக் நாற்காலி சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் அதில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து முன்னால் உள்ளதற்கு நகர, வைரக்கண்ணு இதற்கு நகர்ந்தார், உட்கார்ந்ததும் அந்த ஆளின் சூடு வேட்டியைத் தாண்டித் தொடையில் ஏறியது, அது வெறும் உடம்புச் சூடா காய்ச்சல் சூடா என்று தெரியவில்லை. வேளாண்மை ஆபீஸ் வாசலில் பூவரச மரத்தடியில், கை நீட்டினாலும் எட்டாத தூரத்துக்கு ஒவ்வொன்றாக நாற்காலி போட்டிருந்தார்கள், கொரோனாவுக்காக. உள்ளே ஒரு ஆளைக் கூப்பிட்டால் வெளியே எல்லாரும் ஒரு நாற்காலி நகர வேண்டும், ஒருத்தர் சூட்டில் அடுத்தவர் உட்கார வேண்டும், இதற்குப் பெயர் இடைவெளி. சிரிப்பு வந்தது. ஆனால் மாஸ்க்குக்குள் சிரித்தால் மூச்சு திரும்பி மூக்கிலேயே அடிக்கிறது, வெற்றிலை வாசனையும் பெண்டாட்டி தவமணி அலசிய சோப்பு வாசனையும் சேர்ந்து. அவளுடைய பழைய ரவிக்கைத் துணியில் அவளே தைத்த மாஸ்க். அதைக் காதில் மாட்டிவிடும்போதுதான் சொன்னாள், கூலின்னு சொல்லுங்க, கூலின்னு சொன்னா போதும், என்று, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. நான் விவசாயி இல்லீங்க மேடம், கூலி வேலை பாக்குறவன், தெரியாம பதிஞ்சுட்டேன், பணத்தைத் திருப்பிக் கட்டிடுறேன். இவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போதே சொல்லிச் சொல்லிப் பார்த்தாயிற்று. எல்லாம் சரியாகத்தான் வருகிறது, விவசாயி இல்லீங்க என்கிற இடத்தில் மட்டும் தொண்டையில் உமி ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு செருமல். செருமக் கூடாது. இந்தக் காலத்தில் ஒருத்தன் செருமினால் சுற்றி இருக்கிறவன் எல்லாம் திரும்பிப் பார்க்கிறான்.

எல்லாம் அந்த நம்பரால் வந்த வினை. ஊரடங்கு போட்டு, பஸ் நின்று, பிடுங்கிய உளுந்தை வாங்க ஆளில்லாமல் தவமணி அதை வெயிலில் கொட்டுவதும் அள்ளுவதுமாக இருந்த நாட்களில்தான் அந்தப் பேச்சு வந்தது, விவசாயிகளுக்குக் கவர்மெண்டு கொரோனா நிவாரணம் போடுகிறதாம், ஆதாரும் பேங்க் புத்தகமும் கொண்டுபோனால் கடைத்தெரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜெயசீலன் ஏற்றிவிடுகிறானாம். ஊரே போனது. சலூன்காரர் போனார், டீக்கடைக்காரர் போனார், மாடுகளைத் தவிர மற்ற எல்லாரும் போனார்கள். அப்படிப் பணம் வாங்கிய நிலமில்லாதவர்களைத்தான் இப்போது விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெயசீலன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே குனிந்து தட்டிக்கொண்டிருந்தான், ஜீப் சத்தம் கேட்டால் மீதிப் பாதியும் இறங்கும். சர்வே நம்பர் தெரியுமாண்ணே, என்றான். தெரியுமாவாம். மகள் கல்யாணம் நடந்த தேதியைக் கேட்டால் வைரக்கண்ணு கொஞ்சம் யோசிப்பார், இதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த நம்பருக்கு வருஷம் தவறாமல் வரி கட்டி, ரசீதை மடித்துப் பையில் வைத்து, திருச்சிக்குக் கொண்டுபோய் நிலத்துக்காரர் டீச்சரம்மா கையில் கொடுக்கிறவர் அவர். மூச்சு விடாமல் சொன்னார், உட்பிரிவோடு சொன்னார். பரவாயில்லையேண்ணே, மத்தவங்கல்லாம் பேப்பரைத் தேடி வீட்டுக்கு ஓடுறாங்க, என்று ஜெயசீலன் மெச்சினான். அந்த மெச்சலில் கொஞ்சம் பூரித்தும் போனார், அதை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. அவன் கேட்டது நிலத்தின் நம்பரை, இவர் சொன்னதும் நிலத்தின் நம்பரைத்தான். நிலம் யார் பேரில் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை, இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. விவசாயிக்குப் பணம் என்றார்கள், விவசாயம் பார்க்கிறவன் போனான், எந்த வயல் என்றார்கள், பார்க்கிற வயலைச் சொன்னான். இதில் திருட்டு எங்கே இருக்கிறது என்று நாள்கணக்கில் புரட்டிப் பார்த்தாயிற்று. புரட்டப் புரட்ட ஒரு சமயம் இல்லவே இல்லை போல இருக்கிறது, ஒரு சமயம் முழுக்கத் திருட்டாகவும் இருக்கிறது. டீச்சரம்மா குரலில் தன்னைக் கேட்டுக்கொண்டால் திருட்டு. தன் குரலில் கேட்டுக்கொண்டால் இல்லை.

அவள் குரலில்தான் அதிகம் கேட்கிறது. வைரக்கண்ணு, என் நிலத்துக்கு நீ எப்படிப்பா எழுதிக் கொடுத்தே, என்று அன்றைக்குப் போனில் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை, ஏதோ பையில் வைத்த பொருளைக் காணோமே என்று தேடுகிறவள் மாதிரி. அவள் மகன் முரளி அம்மா பேரில் அதே பணத்துக்குப் பதிந்திருக்கிறான், அந்த சர்வே நம்பரில் வேறொருவர் வாங்குகிறார் என்று பதில் வந்திருக்கிறது, யார் அந்த வேறொருவர் என்று பார்த்தால் வைரக்கண்ணு, தகப்பனார் பேர் கோவிந்தன். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து, புருஷன் தவறிப் போய், மகனோடு திருச்சிக்குக் குடிபோகும்போது அந்த ஆறு மா நிலத்தையும், அதாவது ரெண்டு ஏக்கரையும், இவரிடம் விட்டுவிட்டுப் போனாள். பாத்துக்க வைரக்கண்ணு, என்றாள். சரிங்க டீச்சரம்மா, என்றார். குத்தகை எவ்வளவு என்பதுகூட வாய்ப்பேச்சுதான், ஒரு வரி எழுத்துக் கிடையாது. எழுத்து இருந்தால் குத்தகைக்காரனுக்கு உரிமை வந்துவிடும், உரிமை வந்துவிட்டால் நிலம் திரும்பாது, இது இந்தப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் இருக்கிற பயம். அந்தப் பயத்தை அவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள், குத்தகைக்காரன்தான் அதைப் புரிந்து நடந்துகொள்ள வேண்டும். அவர் நடந்துகொண்டார். வரப்பில் ஒரு மரம் வைத்ததில்லை. மரம் வைக்கிறவன் நிலத்தை விட்டுப் போக மாட்டான் என்று அர்த்தம், அதனால் குத்தகைக்காரன் வைக்க மாட்டான், சொல்லிக்கொடுக்காமலே எல்லாருக்கும் தெரியும். வாய்க்கால் ஓரத்தில் தேங்காய் ஒதுங்கித் தானாக முளைத்தால்கூட, இரண்டு ஓலை விரிவதற்குள் பிடுங்கிவிடுவார். ஒரு தடவை வேப்பங்கன்று ஒன்று முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது, எப்படிக் கண்ணில் படாமல் வளர்ந்தது என்று தெரியவில்லை, தவமணி அதன் நிழலில் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தாள். இருக்கட்டுமேங்க, சாமி மரம், என்றாள். பிடுங்கிப் போட்டார். அவள் அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து இருந்தவன், வாயால் ஒரு நம்பரைச் சொல்லி மாட்டிக்கொண்டானே.

நகருங்க, என்று பின்னாலிருந்து குரல். முன்னால் ஒரு நாற்காலி காலியாகியிருந்தது. எழுந்து போய் உட்கார்ந்தார், மறுபடி அதே ஆளின் சூடு. அந்த ஆள் திரும்பி, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி சாவகாசமாகக் கேட்டான்.

"நீங்க என்னண்ணே சொல்லப் போறீங்க?"

"கூலின்னு."

"நான் டைலர்ங்க. எனக்குப் பிரச்சினை இல்ல, உள்ளதைச் சொன்னாலே போதும்."

அவனுக்கு உள்ளதைச் சொன்னால் போதும். கொடுத்து வைத்தவன். உள்ளதைச் சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டு அவன் தன் மிஷினில் போய் உட்கார்ந்துகொள்வான், மிஷின் அவன் பேரில் இருக்கிறது. வைரக்கண்ணுவுக்கு உள்ளது எது என்பதே தகராறு. மச்சான் அமிர்தலிங்கம், தவமணியின் தம்பி, விவசாயிகள் சங்கத்தில் இருக்கிறவன், சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று நேற்றுச் சத்தம் போட்டான். மச்சான், நீங்க ஏன் கூலின்னு சொல்றீங்க, சாகுபடி பண்றவன் நான்னு சொல்லுங்க, அடுத்தவங்க நிலத்துல குத்தகைக்குப் பண்றேன்னு சொல்லுங்க, அவங்க விசாரிச்சு நிலக்காரங்களுக்கு நோட்டீஸ் அனுப்பட்டும், ஊர்ல கேட்டா யாரும் மறுக்க மாட்டாங்க, குத்தகைப் பதிவாகிடும், அப்புறம் உங்களை ஒரு பய அசைக்க முடியாது. அவன் சொல்லும்போது எல்லாம் ஒரே கோட்டில் ஓடுகிறது, வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி. ஆனால் நோட்டீஸ். அந்த இடத்தில் வைரக்கண்ணுவின் நினைப்பு நின்றுவிடும். சர்க்கார் முத்திரை போட்ட ஒரு உறை திருச்சியில் அந்த வீட்டுக்குப் போகும். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் எத்தனையோ பொங்கலுக்குப் பூசணிக்காயும் மஞ்சள் கொத்துமாக நின்ற வீடு. டீச்சரம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பிரிப்பாள். அதில் வைரக்கண்ணு என்று இருக்கும். அப்புறம் என்ன ஆகும்? அதற்குமேல் அவரால் யோசிக்க முடிவதில்லை. யோசனை திரும்பி வேப்பங்கன்றுக்குப் போகும், அங்கிருந்து ஜெயசீலனின் பாதி ஷட்டருக்குப் போகும், மறுபடி உறைக்கு வரும். பக்கத்து ஊரில் ஒருத்தன் இப்படித்தான் சங்கத்துப் பேச்சைக் கேட்டுக் கேஸ் போட்டான். கேஸ் நடந்துகொண்டே இருக்கிறது, நிலம் தரிசாகக் கிடக்கிறது, அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். ஜெயித்தாலும் அவனுக்கு இனிமேல் நடவு ஞாபகம் இருக்குமோ என்னவோ.

ஆனால் கூலி என்று சொன்னால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். டீச்சரம்மாவே சொன்னாள். இரண்டாம் தடவை போன் செய்தபோது அவள் குரல் இறங்கியிருந்தது. நீ ஒண்ணும் கவலைப்படாதே, ஆபீஸ்ல போய் நான் அந்த நிலத்துல கூலிக்கு வேலை பாக்கறவன்னு எழுதிக் கொடுத்துட்டு வா, நிலத்துல உனக்குப் பாத்தியதை இல்லேன்னு ஆயிடும், முரளிக்கு மனசு சமாதானமாகும், அப்புறம் எல்லாம் பழையபடி. எல்லாம் பழையபடி என்கிற அந்தச் சொல்லை அவர் அன்றிலிருந்து வாயில் போட்ட பாக்கு மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறார். பழையபடி என்றால் தை மாசம் அறுப்பு, பழையபடி என்றால் அறுத்த வயலில் உளுந்து, ஆடியில் புழுதி, பஸ்ஸில் மடியில் பூசணிக்காய். அதற்காக ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நான் விவசாயி இல்லை என்று சொன்னதும் வயலில் நிற்கிற பயிர் மறைந்துவிடுமா? இப்போது தொண்டைக் கதிர், இன்னும் ஒரு வாரத்தில் வெளியே தள்ளிவிடும், இந்த நேரத்தில் தண்ணீர் குறையவும் கூடாது, மழை அடிக்கவும் கூடாது. மழை அடித்தால் பூ கொட்டிப் பதராகிவிடும். அண்ணாந்து பார்த்தார். பூவரச இலைகளுக்கு நடுவில் வானம் ஒரு மாதிரி பழுப்பாக இருந்தது, தெற்கே இருட்டு இருக்கிறதா என்று மரம் மறைத்தது. எழுந்து போய்ப் பார்க்கலாம், ஆனால் எழுந்தால் நாற்காலி போய்விடும். தவமணி வயலில்தான் இருப்பாள். மடை திறந்தாளோ இல்லையோ, வாய்க்காலில் மேல்மடைக்காரன் விட்டானோ இல்லையோ. அவளால் இப்போது குனிந்து மண்வெட்டி பிடிக்க முடிவதில்லை, மூச்சு வாங்குகிறது.

மூச்சு என்றதும் அந்தக் காரின் பின் சீட். அவரால் அதை நினைக்காமல் இருக்க முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார், இருக்க முடிவதில்லை. நிவாரணம் அக்கவுண்டில் ஏறிய செய்தி போனில் வந்தபோது அதை எடுக்கவே பயமாக இருந்தது, கவர்மெண்டு சும்மா கொடுக்குமா, வட்டியோடு கேட்கும், கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். அப்புறம் தவமணிக்குக் காய்ச்சல் வந்தது. வாசனை தெரியவில்லை என்றாள், ரசத்தை முகர்ந்து பார்த்து வெந்நீர் மாதிரி இருக்கிறது என்றாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நர்ஸ் பிள்ளை வந்து விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, உடனே கொண்டுபோங்க, என்றது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள், எல்லா வண்டியும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. கார் வைத்திருக்கிறவன் கண்ணாடியை இறக்காமலே கேட்ட தொகை, சாதாரண நாளில் என்றால் அடிதடியே நடந்திருக்கும். எடுத்துக் கொடுத்தார். அந்தப் பணம்தான். பின் சீட்டில் அவள் தலை அவர் தோளில், வாய் திறந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் எலும்பு ஏறி இறங்கியது, அவர் அந்த மூச்சைத் தன் மூச்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டே வந்தார், தான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள் என்பது போல. நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, நாத்தங்காலுக்குத் தண்ணி வச்சீங்களா, என்றாள். வைத்தேன் என்று பொய் சொன்னார். அவள் பிழைத்து வந்தாள். எத்தனையோ பேர் வரவில்லை, அவள் வந்தாள். இப்போது அந்தப் பணம் தப்பு என்கிறார்கள். தப்பு என்றால் அந்தக் காரில் ஏறியது தப்பா, அந்த மூச்சு தப்பா. இல்லை, அப்படிக் கேட்கக் கூடாது, பணத்தைத்தானே கேட்கிறார்கள், கட்டிவிட வேண்டியதுதான், தோட்டை அடகு வைத்தாவது. அவள்தான் கூலின்னு சொல்லுங்க என்றவள். வேப்பங்கன்றுக்காக ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவள். எந்த மனசோடு சொன்னாள் என்று யோசித்தார். யோசித்தபோது மாஸ்க் துணி ஈரமாகி மூக்கோடு ஒட்டிக்கொண்டது. கண்ணீர் என்று எவனாவது நினைத்துவிடப் போகிறான் என்று கன்னத்தைத் துடைத்தார். கண்ணீர்தான்.

டைலர் உள்ளே போனான், போன சுருக்கில் வெளியே வந்தான், சைகையில் ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டுத் தன் வண்டியைத் தேடிப் போனான். இப்போது வைரக்கண்ணு முதல் நாற்காலியில் இருந்தார். இங்கிருந்து உள்ளே தெரிந்தது. நெகிழித் திரை ஒன்று தொங்க, அதற்குப் பின்னால் மேடம், சின்னப் பெண், மகள் வயசுகூட இருக்காது, மாஸ்க்குக்கு மேலே கண்ணாடி பனித்துப் போய் அடிக்கொரு தரம் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணிடம் பொய் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. தெரிந்தவர்களிடம் சொன்னால்தான் பொய், தெரியாதவர்களிடம் அது வெறும் பதில். கூலி. கூலி என்பதும் பொய் இல்லையே, குறுவைக்கு மற்றவர்கள் வயலில் மருந்து அடிக்கப் போயிருக்கிறார், கரும்பு வெட்டப் போயிருக்கிறார், கூலி வாங்கியிருக்கிறார். வாழ்க்கையில் கூலி வாங்காதவன் யார். இந்தப் பெண்ணும் கூலிதான் வாங்குகிறாள், மாசத்துக்கு ஒரு தடவை. இப்படி நினைத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் போவதற்குள் கூப்பிட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது.

"வைரக்கண்ணு, த/பெ கோவிந்தன்!"

வாசலில் நின்றவன் உள்ளங்கையில் சானிடைசரைப் பீய்ச்சினான். சில்லென்று இருந்தது, காற்றோடு காற்றாகக் காய்ந்து, மண்வெட்டி பிடித்து வெடித்த இடங்களில் மட்டும் எரிந்தது.

"உட்காருங்கய்யா," என்றாள் மேடம். "சொந்த நிலம் இருக்கா?"

"இல்லீங்க மேடம்."

"இந்த சர்வே நம்பர்?"

"அது கோமதி டீச்சரம்மாவுதுங்க. தெரியாம கொடுத்துட்டேன்."

"அதுல நீங்க என்ன பண்றீங்க? சாகுபடியா, கூலி வேலையா?"

அவ்வளவு நேராகக் கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் பழகிய வாக்கியத்தில் இந்தக் கேள்வியே இல்லை. செருமினார். மேடம் சற்றுப் பின்னால் சாய்ந்துகொண்டாள். நெகிழித் திரையில் வெளிச்சம் நெளிந்தது, அதில் ஆறு மாவும் தெரிந்தது, வடக்கு வரப்பில் எலி வளை, சனி மூலையில் எப்போதும் தண்ணீர் தேங்கிப் பயிர் மஞ்சளிக்கிற பள்ளம், அதை மேடாக்க அவர் கூடை கூடையாக அள்ளிப் போட்ட மண். சாகுபடி என்ற சொல் வாய்க்குள் வந்துவிட்டது. முன் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. உறை. கண்ணாடியைத் தேடுகிற டீச்சரம்மா. எல்லாம் பழையபடி.

"கூலிங்க மேடம்," என்றார்.

"விவசாயி இல்ல?"

"இல்லீங்க."

தட்டினாள். மிஷினிலிருந்து ஒரு தாள் வந்தது. அதில் அவர் பேர் போட்டு, மேற்படி நிலத்தில் தனக்கு எந்தச் சாகுபடி உரிமையும் இல்லை, தினக்கூலி அடிப்படையில் மட்டும் வேலை செய்து வருகிறேன், என்று இருந்ததை அவளே படித்துக் காட்டினாள், நல்ல பெண், நிறுத்தி நிறுத்திப் புரியும்படி படித்தாள். கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. அதுதான் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நகல் ஒன்றைக் கொடுத்தாள், பணத்தை எந்த பேங்கில் கட்ட வேண்டும் என்று சொன்னாள், வெளியே வந்துவிட்டார். இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். வானம் கொஞ்சம் வெளுத்தாற்போலக்கூட இருந்தது. பூவரச மரத்துக்கு அந்தப் பக்கம், சைக்கிள்கள் நிற்கிற இடத்துக்குப் போய், மாஸ்க்கைக் கழற்றி, ஆசை தீர மூச்சு இழுத்துவிட்டுப் போனை எடுத்தார். தவமணிக்கு அப்புறம் சொல்லலாம். முதலில் டீச்சரம்மா. பாவம், வயசானவள், அவளும் இத்தனை நாளாக என்ன தூக்கம் தூங்கியிருப்பாள்.

"டீச்சரம்மா, வைரக்கண்ணுங்க. எழுதிக் கொடுத்துட்டேங்க. கூலின்னு. இனிமே நீங்க பயப்பட வேண்டாங்க."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டியா?" என்றாள்.

"போட்டுட்டேங்க. நகல்கூடக் கையில இருக்கு."

"அப்படியா," என்றாள், அந்த அப்படியாவில் ஒரு சந்தோஷமும் இல்லை. "இரு. முரளி பேசணுங்கறான். நான் என்ன வைரக்கண்ணு பண்ணுவேன், அவன் பேசறான் இரு."

முரளியைக் கால்சட்டை போட்ட காலத்திலிருந்து தெரியும், வண்டியில் ஏற்றி வைக்கோல் மேல் உட்கார வைத்திருக்கிறார். வைரம், வைரம் என்று கூப்பிடும் அப்போது. போனில் அவன் குரல் தெளிவாக, மரியாதையாக வந்தது.

"ரொம்ப நன்றிங்க. அந்த நகலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க யாரையாவது. வாங்கறவங்க அது ஒண்ணுக்காகத்தான் காத்திருந்தாங்க."

"வாங்கறவங்களா?"

"நிலத்தைப் பேசி முடிச்சாச்சுங்க. குத்தகை ஏதும் இல்லைன்னு காகிதம் வேணும்னாங்க. இப்ப நிக்கிற பயிரை நாங்களே மிஷின் விட்டு அறுத்துக்கறோம், நீங்க அலைய வேண்டாம். நடவுலேர்ந்து நீங்க வேலை பார்த்ததுக்குக் கூலி எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் பண்ணிச் சொல்லுங்க. ஒரு ரூபா குறைக்காம கொடுத்துடறேன்."

கேட்டதற்கு உண்மையாகவே வைரக்கண்ணுவின் மனசு கணக்குப் போட ஆரம்பித்தது, அதுதான் கொடுமை, நடவிலிருந்து என்றால் எந்த நடவு, இந்த நடவா, முதல் நடவா, புழுதி ஓட்டியதை எங்கே சேர்ப்பது, மடை உடைந்து மழையில் படுத்துக்கொண்டு முதுகால் தண்ணீரை மறித்தாரே அதற்கு எந்த ஊரில் என்ன கூலி, தவமணி களை பறித்தது அவளுக்குத் தனியா, கார் சீட்டில் மூச்சுத் திணறலோடு நாற்றங்காலைக் கேட்டாளே அது அரை நாளா. ஹலோ, ஹலோ, கேக்குதுங்களா, என்றது போன். அதை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டார். அது நெஞ்சின் மேல் இரண்டு தடவை ஹலோ என்றுவிட்டு ஓய்ந்தது. அவருக்குக் கோபம் வந்தது. முரளி மேல் இல்லை, டீச்சரம்மா மேல்கூட இல்லை, கை நடுங்காமல் கையெழுத்துப் போட்ட அந்த ஆள் மேல் வந்தது.

திரும்பி நடந்தார். நாற்காலிகளைத் தாண்டி நடந்தார். யோவ், லைன்ல வாய்யா, மாஸ்க் எங்கய்யா, என்று இரண்டு மூன்று குரல்கள். வாசலில் சானிடைசர்க்காரன் கையை நீட்டினான், அவனைத் தாண்டினார். உள்ளே வேறு யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். நெகிழித் திரையை விலக்கிக்கொண்டு மேடம் முன்னால் போய் நின்றார். அந்தப் பெண் பயந்துபோய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தது.

"என்னய்யா, இப்பத்தானே போனீங்க? மாஸ்க் போடுங்க முதல்ல."

போட்டுக்கொண்டார். ஒரு காதில் மாட்டியது, இன்னொரு காதில் மாட்ட வரவில்லை, கையால் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னது பொய்ங்க மேடம். நான் கூலி இல்ல. அந்த ஆறு மாவுல நிக்கிறது நான் போட்ட பயிரு. நான் குத்தகைக்குச் சாகுபடி பண்றேங்க."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. கம்ப்யூட்டர்லயும் ஏத்திட்டேன்."

"போட்டேங்க."

"ஐயா, குத்தகைன்னு எழுதினா நிலக்காரங்களுக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும். அவங்க நீங்க இப்ப போட்ட இந்தக் காகிதத்தையே எடுத்துக் காட்டுவாங்க. உங்க கையெழுத்தைக் காட்டி உங்களையே கேப்பாங்க. ஒத்துக்க மாட்டாங்கய்யா."

"ஒத்துக்க மாட்டாங்க," என்றார் வைரக்கண்ணு. "திருச்சி விலாசம் சொல்றேன், எழுதிக்கங்க. நோட்டீஸ் அனுப்புங்க."